கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

மார்ச் 2, சனி

மன்னிக்க வேண்டும். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருப்பவள் எங்காவது பேசியாக வேண்டும் அல்லவா?

வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கான வார இறுதி நிர்வாகப் படிப்புக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. வருகைப்பதிவு எடுப்பேன், மேசைமேல் பெயர் அட்டை வைப்பேன், புரொஜெக்டர் அணைந்தால் ஓடுவேன். என் நாற்காலி வகுப்புக் கதவுக்கு வெளியே. கதவு சரியாக மூடாது. அந்த இடுக்கு வழியாகத்தான் என் படிப்பு.

அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்: "எம் பொண்ணு மேனேஜருங்களுக்கே டீச்சர்." திருத்தினால், "அட்டெண்டன்ஸ் எடுக்கிறவ டீச்சர் இல்லாம வேற யாரு?" எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மாவோடு வாதாட அந்தப் படிப்பு போதவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

எவ்வளவு பெரிய மனிதர்கள்! கடைசி வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். மருந்துக் கம்பெனி சார் மேசைக்கு அடியில் பிஸ்கட் தின்றார். இருநூறு பேரை மேய்க்கும் சிமெண்ட் சார், "மிஸ், வெளிய போகலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வெட்கப்பட்டார். பெஞ்சில் உட்கார்ந்தால் யாருக்கும் பத்து வயதுதான்.

மார்ச் 9, சனி

ஜூனில் தொடங்கும் அடுத்த வகுப்பில் எங்கள் ஊழியர் ஒருவருக்கு இலவசமாகப் படிக்க இடம் உண்டாம். அனுபவம் கூடக் கேட்கமாட்டார்கள். துறைத்தலைவர் மேடம் சரி என்றால் போதும். மாதக் கடைசிக்குள் கேட்க வேண்டும்.

கேட்கப் போனேன். "என்னம்மா?" என்றார்.

"ஸ்டேப்ளர் மேடம்."

ஸ்டேப்ளரோடு திரும்பினேன். என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன.

வீட்டில் சொன்னால் அக்கா கேட்கிறாள்: "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடி?"

மார்ச் 10, ஞாயிறு

பேராசிரியர் குழு வேலை கொடுத்திருக்கிறார். எங்கள் கேண்டீன் வரிசை ஏன் நகர்வதில்லை என்று நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். சிமெண்ட், மருந்து, வங்கி, ஹோட்டல், லாரி, ஐவரும் ஒரே குழு.

மார்ச் 16, சனி

ஐவரின் மின்னஞ்சல்களிலும் எனக்கு ஒரு பிரதி வருகிறது. ஹோட்டல் சார் லாரி சாருக்கு: சரக்கு நகர்த்துவதில் நீங்கள்தான் கில்லாடி. லாரி சார் வங்கி மேடத்துக்கு: கணக்கு என்றால் உங்களை விட்டால் ஆளில்லை. வங்கி மேடம் மருந்துக்கு. மருந்து சிமெண்டுக்கு. கைமாறும்போதெல்லாம் ஒரு 'அவசரம்' கூடுகிறது. கேண்டீன் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மேடம் அறைக்கு மறுபடி போனேன். பசை டப்பாவோடு வந்தேன்.

மார்ச் 23, சனி

சிமெண்ட் சார் என் நாற்காலி அருகே வந்து நின்றார்.

"அந்தக் கேண்டீன் விஷயத்த நீயே பண்ணிடும்மா. பத்து நிமிஷ வேலை. உனக்கு மேடம்கிட்ட ஏதோ கேக்கணும் போல, அந்த வாசலையே சுத்திச் சுத்தி வர்றே. நான் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்."

ஒரு வார்த்தை! எனக்கு வராத அந்த ஒரு வார்த்தை! 'சரி சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என்ன ஆயிற்றோ, "முடியாது சார். அது உங்க வீட்டுப்பாடம்" என்றேன்.

"வீட்டுப்பாடமா!" தொந்தி குலுங்கச் சிரித்தார். "நல்லா தமாஷா பேசுறியே. காலைல அனுப்பிடு."

போய்விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் முடியாது என்று சொன்னேன், அதுவும் போய்ச் சேரவில்லை. நாளைக்குக் கோபப்பட்டு மேடத்திடம் வேறு மாதிரி வார்த்தை போட்டுவிட்டால்? ஏன்டி உனக்கு இந்த வாய்? இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

மார்ச் 24, ஞாயிறு

ஐவரும் வகுப்புக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"ஆரம்பிங்க சார்."

"ஐயோ, நீங்க ஆரம்பிங்க."

சிமெண்ட் சார் புன்னகையோடு கதவிடுக்கைப் பார்த்தார். மற்ற நால்வரும் பார்த்தார்கள். பேராசிரியர் வந்து கதவை முழுசாகத் திறந்தார்.

"இவங்க வேலை உங்ககிட்டயா இருக்கு?"

எல்லாத் தலைகளும் என் பக்கம். நாற்காலியை விட்டு எழுந்தேன். "இல்ல சார். யார்கிட்டயும் இல்ல. கைமாறிக்கிட்டே இருக்கு."

முதலில் சிரித்தது வங்கி மேடம்தான். அப்புறம் வகுப்பே. சிமெண்ட் சார் காது சிவக்க, "நேத்து நீ சொன்னது நிஜமாவா?" என்று கேட்டார். பாவம், அவரிடம் யாரும் முடியாது என்று சொன்னதே இல்லையாம்.

பேராசிரியர் ஐவரையும் கேண்டீன் வரிசைக்கு விரட்டினார். கொஞ்ச நேரத்தில் லாரி சார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், வரிசை ஏன் நகரலன்னு கண்டுபிடிச்சிட்டோம். முன்னால நாங்க அஞ்சு பேரும் 'நீங்க முதல்ல வாங்குங்க'ன்னு நிக்கிறோம்!"

மார்ச் 25, திங்கள்

மேடம் அறைக்குப் போனேன். வெறுங்கையோடு வந்தேன்.

ஜூன் 1, சனி

புது வகுப்பு. பெயர் அட்டைகளை அச்சடித்தேன். போன தடவையைவிட ஒன்று கூடுதல். அதைக் கடைசி வரிசையில் வைத்தேன். பின்னே? அங்கேதானே போட்டி!

அம்மாவுக்குத்தான் வருத்தம். "டீச்சர் போய் பெஞ்சில உக்காருவாளாடி? பக்கத்து வீட்ல நான் என்ன சொல்லுவேன்?"

வெறுங்கையோடு வந்த அன்று மேடத்திடம் கேட்டதை இங்கே எழுதவில்லை. எழுதினால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம். இப்போது எழுதலாம்.

என்னைப் பார்த்ததும் மேடம் டிராயரைத் திறந்தார். "இன்னைக்கு என்ன, ஸ்டேப்ளரா, பசையா?"

"ரெண்டும் வேணாம் மேடம். வெளிய கெடக்குற என் நாற்காலிய உள்ள போட்டுக்கட்டுமா? நானும் படிக்கணும்."