மாமன் மடி

தம்பி,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் சந்தன வாசனை மூக்கில் ஏறியது. உன் சிவப்புக் கரை வேட்டிதான். ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் கோயிலிலிருந்து கொண்டுவந்ததைத் துவைக்காமலே திணித்து வைத்தது. அன்றைக்கு என் பேத்திக்கு மொட்டையும் காதுகுத்தும். நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், நான் கிடந்து அல்லாடுகிறேன்.

என் மகளுக்குக் காது குத்தியபோது நீயும் நானும் பேசிக்கொள்வதில்லை, ஞாபகம் இருக்கிறதா? நீ கொண்டுவந்த பொங்கல் சீரைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஏதோ நக்கலடித்துவிட்டார் என்று எங்கள் வாசலையே மிதிக்காமல் இருந்தாய். பத்திரிகை வைக்க வந்த என்னை "வா" என்றுகூடச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட ரோஷக்காரன், பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வேன் ஓட்டும் காக்கிச் சட்டையோடு வந்து நின்றாயே! கையில் அப்போதுதான் வாங்கிய வேட்டி. பேண்டுக்கு மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கொழந்தய குடு" என்றாய். அவ்வளவுதான் பேச்சு.

அவள் சந்தனத் தலையை உன் மேல் தேய்த்துத் தேய்த்து அழுதாள். போதாததற்கு ஒன்றுக்கும் போய்விட்டாள். "இன்னாக்கா இது, சாமிய வுட்டுட்டு மாமனுக்கு அபிஷேகம் பண்றா?" என்று நீ சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அசடு வழிந்துகொண்டே உனக்கு இலை போட்டார். கிளம்பும்போது வேட்டியை என்னிடமே கொடுத்தாய். "நாளைக்கி இவளுக்கு ஒரு கொழந்த பொறந்தா நம்ம பையன் இதக் கட்டிக்கினு உக்காரணும். அதுங்க ரெண்டும் அடிச்சிக்கினு இருந்தாக்கூட, காதுகுத்துக்கு மாமன் வந்துதான ஆவணும்?"

அந்தப் பேச்சை நம்பித்தான் இத்தனை நாள் இருந்தேன். மகள் வேறு சாதியில் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்ட அன்றே, "எனக்குத் தங்கச்சியே கெடையாது" என்று சொல்லிவிட்டான் என் மகன். நீ இருந்தவரை எப்படியாவது அவனை வழிக்குக் கொண்டுவருவாய் என்று தைரியமாக இருந்தேன். நீ போனபிறகு எனக்கு மிச்சம் இருந்தது இந்தக் காதுகுத்து ஒன்றுதான்.

சனிக்கிழமை அவன் சாப்பிடும்போது, "மாமா வேட்டிய எடுத்து வச்சிருக்கேண்டா" என்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பாக்கலாம்" என்றான். அது போதாதா எனக்கு! உடனே மகளுக்கு ஃபோன் போட்டு, "அண்ணன் வரான்" என்று சொல்லிவிட்டேன்.

மொட்டையை மாப்பிள்ளை மடியிலேயே வைத்து அடித்துவிட்டார்கள். காதுகுத்துக்கு மட்டும் காத்திருந்தோம். "தாய்மாமன் யாரும்மா?" என்று பத்தர் கேட்கக் கேட்க, "வந்துகினே கீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. குழந்தை பசியில் சிணுங்கியது. கடைசியில் என் மகள் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவனுடைய நண்பன் யாரோ போட்ட படம். மாமல்லபுரம் கடற்கரையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறான் என் மகன். பைக்கை எடுத்தால் அரை மணி நேரத்தில் வந்திருக்கலாம், பாவி.

அவள் என் கையிலிருந்த வேட்டியை வாங்கித் தன் மடியில் விரித்துக் குழந்தையைத் தானே உட்காரவைத்துக்கொண்டாள். "குத்துங்க" என்றாள். முடிந்ததும் வேட்டியைச் சுருட்டி என் பையில் வைத்தாள். "நீயே வச்சிக்கம்மா. இனிமே என் வூட்டு விசேஷத்துக்கு மாமன் மச்சான்னு யாரையும் கூப்புடாத."

சாயங்காலம் அவன் வந்தான். வேட்டி நாற்காலியில் கிடந்தது. அதை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். கை கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரொம்ப அழுதுச்சா?" என்று கேட்டான்.

"அழுதாடா. ஒரு ஃபோன் போட்டுக் கேளேன்" என்றேன்.

குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொண்டான். நான் சொன்னது காதில் விழாத மாதிரி.

பேத்திக்குக் காது ஆறுகிறதா என்று கேட்கலாமென்று நான்தான் தினமும் ஃபோன் போடுகிறேன். மகள் எடுப்பதில்லை. நீ இருந்தால் அவனுக்கு ரெண்டு அறை விட்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பாய். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.

வேட்டியைத் துவைக்க மனசு வரவில்லை. அன்று மகள் வைத்து, எத்தனை சலவைக்கும் போகாமல் நின்றுவிட்ட அந்தப் பழைய மஞ்சள் கறைக்குப் பக்கத்தில் பேத்தியின் சந்தனம் ஒட்டியிருக்கிறது. நான் கண்ணை மூடியபிறகு பீரோவைத் திறக்கிறவர்கள், ஏதோ பழந்துணி என்று தரை துடைக்கப் போட்டுவிடுவார்கள். அதுவரைக்கும் என்னிடமே இருக்கட்டும், தம்பி.