ஒரு கல்லுக்கு இரண்டு பேர்

மோட்சத்திலாவது ஓய்வாக உட்கார்ந்திருக்கும் என் அன்பு அப்பாவுக்கு,

உலகச் சண்டை முடிந்துவிட்டது. துறைமுகத்தில் மறுபடி விளக்கு எரிகிறதாம். அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஆறாம் வகுப்போடு என்னை நிறுத்திய பின் நான் நடக்கும் தூரமெல்லாம் அடுப்புக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் நடுவே உள்ள பத்தடிதான். நீங்கள் போன மூன்றாம் மாதம் அம்மாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் நான்.

உங்கள் அடக்கத்தன்று மிக்கேல் மாமா சுவரில் முட்டிக்கொண்டு அழுதது இன்னும் காதில் இருக்கிறது. சங்கு குளிக்க ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கல்லின் பாரத்தில் கடலுக்குள் இறங்கினால் மற்றவர் தோணியில் மூச்சு வாங்குவார். மூச்சு முட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவர்கள் தூக்கிவிடுவார்கள். நீங்கள் கடைசியாகக் குளித்த அன்று, உங்கள் ஜோடியான மாமாவுக்குக் காய்ச்சல்.

"'நீ படுடே, ஒம் முறையையும் நானே குளிச்சிருதேன்'னு சொன்னாரே! நான் படுத்துக் கெடந்தேனே!" என்றார்.

மதியத்துக்குள் மூக்கில் ரத்தத்தோடு உங்களைத் தூக்கித்தான் எடுத்தார்களாம். கயிற்றை இழுத்து, போதும் என்று சொல்ல ஏன் அப்பா உங்களுக்குத் தோன்றவில்லை?

போன மாதம் நானும் அப்படித்தான் விழுந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அம்மாவைத் தூக்கும்போது கண் இருட்டி, இருவரும் தரையில் கிடந்தோம். அம்மாவின் நெற்றியில் ரத்தம். அவள் கேட்டதோ, "ஏளா, நீ சாப்பிட்டியா?" என்றுதான்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் வாய் திறந்தேன். அவனிடம் எனக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியும். தினமும் ஒரு மணி நேரம் அம்மாவை நீ பார்த்துக்கொள் என்றேன்.

"நான் துறைமுகத்துல மூட்டை தூக்கிட்டு வாரேன். ஒனக்கு வீட்டுக்குள்ள என்னளா பாரம்?"

அடுத்த வீட்டு அத்தையும் சேர்ந்துகொண்டாள். "சமஞ்ச பிள்ளைக்கு ஓய்வு கேக்குதோ? மகாராணிக்குப் பல்லக்கு கொண்டாரச் சொல்லட்டுமா?"

தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன்: "ஒரு கல்லுக்கு ரெண்டு பேருண்ணே. அப்பா எப்படிப் போனாவன்னு மறந்துட்டியா?"

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தான்.

கடற்கரைக்குப் போக எனக்கு இன்னும் அனுமதியில்லை. கோவிலுக்கும் ஞாயிறு மட்டும், அத்தையோடு. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தது புறவாசல்தான். கதவு காற்றில் அடைத்துக்கொள்ளாமல் உங்கள் குளிகல்லை முட்டுக்கொடுத்து வைக்கிறேன். முதலில் சுடுசோறு சாப்பிடுகிறேன். எல்லோரும் தின்ற மிச்சம் அல்ல. பிறகு மணலில் காலை நீட்டி ஜெபமாலை. உங்களுக்காகவும் அம்மாவுக்காகவுமே சொல்லி வந்தேன். இப்போது கடைசிப் பத்து மணிகளை எனக்காக உருட்டுகிறேன். சில நாள் ஜெபம் வராது, அழுகைதான் வரும். அழுதுவிட்டுப் போனால் அம்மாவை அதட்டாமல் துடைக்க முடிகிறது. இது பாவமா அப்பா? அத்தை மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தால் இன்னும் எழுந்து ஓடத்தான் தோன்றுகிறது.

நேற்று அண்ணன் வரத் தாமதம். "இன்னைக்கு ஒருநா விட்டுட்டா என்னளா?" என்றாள் அத்தை. நீங்களும் ஒருநாள்தானே என்று நினைத்திருப்பீர்கள்? வாசலில் அவன் காலடி கேட்டதும் கஞ்சிக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மூச்சு முட்டினால் கயிற்றை இழுப்பேன். மேலே யாரும் இல்லாவிட்டாலும், யாராவது வரும்வரை இழுத்துக்கொண்டே இருப்பேன்.

உங்கள்மேல் இன்னும் கோபம் தீராத,
உங்கள் ஒரே மகள்
அந்தோணியம்மாள்