மாதா கோவிலில் மறுபடியும் தடுப்பு

1966, மாசி, ஞாயிறு இரவு.

மூத்த பேரன் அவலூர்பேட்டையில் வாத்தியார். சின்னவன் போஸ்டாபீசில் சேர்ந்துவிட்டான். பேத்தி மேரி நர்சுப் படிப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். இதையெல்லாம் பினாங்கு முதலாளியிடம் சொல்லத்தான் இன்று கொட்டகையில் நடக்கிற ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் போனேன். தன் தாத்தா பிறந்த ஊரென்று, இடிந்து கிடந்த மாதா கோவிலைத் தன் செலவில் புதுப்பிக்கிற புண்ணியவான் அவர்.

கோவிலுக்குள் போனேன். நடுவில், பழைய இடத்திலேயே, மரத்தடுப்பு நிற்கிறது. சேரிக்காரர்கள் நாங்கள் அதற்குப் பின்னால் நின்றுதான் அந்த நாளில் பூசை பார்த்தோம். அப்புறம் வந்த ஒரு சாமியார்தான் அதைப் பிடுங்கிப் போட்டார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"தாத்தா வச்சிருந்த படத்துல இருக்குது ஆயா. இன்னா வேலைப்பாடு பாருங்க. இருந்த மாதிரியே கட்டணும்னு சொல்லிட்டேன்" என்று படத்தைக் காட்டினார்.

"இதுக்குப் பின்னாலதான் எங்க நைனா நிப்பாரு."

உற்றுப் பார்த்தார். "பின்னால யாருமே இல்லியே ஆயா."

"எங்கள யாருங்க படம் புடிச்சாங்க?"

தடுப்பின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார். கழற்றுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மேரிக்கு இப்படிக் கடுதாசி போடவேண்டும்: நர்சு உடுப்பில் புதிதாக ஒரு படம் எடுத்து உடனே தபாலில் அனுப்பு, கண்ணு. முதலாளி கையில் பழைய படம்தான் இருக்கிறது.