நோட்டின் முதல் பக்கம்

11 ஜூன் 2007, திங்கள்

காலையில் ஆசாரி வந்து என் பிரவுசிங் சென்டரின் கேபின் கதவுகளைக் கழற்றிப் போட்டார். ஆறு கம்ப்யூட்டரும் இப்போது சலூன் நாற்காலி மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. வியாபாரிகள் சங்கத் தலைவர் ஆதிநாராயணன் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். வருகிறவர்கள் எல்லாரும் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதவேண்டுமாம். பிள்ளைகள் நெட்டில் கெட்டுப்போகாமல் இருக்க மேலிடத்து உத்தரவாம்.

"யாரு எதப் படிச்சா உங்களுக்கு இன்னா? தபால் பெட்டி பக்கத்துல நோட்டு வெச்சிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"உனுக்கும் பொண்ணு கீது ரஷீதா. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முதல் வரியை அவரே எழுதினார். இரண்டு செல் வைத்திருக்கும் பெருமை, இரண்டு நம்பரையும் எழுதினார். என் மகள் அஃபீஃபாவையும் விடவில்லை. கடைக்காரி பெண்ணே எழுதினால்தான் மற்றதுங்க எழுதுமாம். இரண்டாவது வரி அவள். பத்தாவது படிக்கிற பிள்ளை, குண்டு குண்டாக எழுதியிருக்கிறாள்.

2 ஜூலை

இரும்பாலைப் பையன்கள் இப்போது வருவதில்லை. உலையில் கை வெந்தவனைப் பற்றிப் பத்திரிகைக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "பேரு எழுதினா வேல பூடும்க்கா" என்றான் திருமலை. பாதி மெயில் அப்படியே நிற்கிறது. ஆதிநாராயணன் மட்டும் தினம் சாயங்காலம் வந்து நோட்டைப் புரட்டுகிறார். சங்கத்துக்காகச் சரிபார்க்கிறாராம்.

19 ஜூலை

வீட்டுச் செல்லுக்கு மூன்று நாளாகக் கால் வருகிறது. நான் எடுத்தால் பேச்சில்லை, வைத்துவிடுகிறான். அஃபீஃபா எடுத்தால், "இன்னிக்கு ஏன் கடைக்கு வர்ல? நேத்து போட்ட பச்ச சுடிதாரு நல்லா கீது" என்கிறானாம். இன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்கிறாள். எனக்குத் தெரியாதா?

20 ஜூலை

கண்டுபிடித்துவிட்டேன். கால் வந்த நம்பரை வைத்துக்கொண்டு நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து. வந்துபோன ஆம்பளைகள் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், அல்லா மன்னிக்கட்டும். முதல் பக்கம். முதல் வரி. இரண்டாவது நம்பர்.

பாவி. நாசமாப் போறவன். எம் பொண்ணு பேர அவனே எழுத வெச்சி, அவனே —

21 ஜூலை

ஸ்டேஷனுக்குப் போகலாமா? போனால் அங்கேயும் ஒரு நோட்டில் என் பிள்ளை பெயரை எழுதுவார்கள். துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னால் கடையை மூடு என்பார். நேரில் திட்டினால் இவன் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுவான், ஊர் நம்பும். வேண்டாம். முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும். அவன் கொண்டுவந்த நோட்டாலேயே அவனை அடிப்பேன்.

28 ஜூலை, சனி

முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன், நாற்பது காப்பி. எடுக்குமுன் அஃபீஃபா வரிமேல் மட்டும் வெள்ளைச் சீட்டு வெட்டி ஒட்டிக்கொண்டேன். அவன் வரியைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்சில் வட்டம். கீழே, "பத்தாவது படிக்கும் பெண்ணுக்கு போன் செய்யும் தலைவர்." மைதா பசை காய்ச்சியாயிற்று. ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

29 ஜூலை

விடியலில் ஒட்டிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன், சிப்காட் போகும் வழி. எட்டு மணிக்குள் கும்மிடிப்பூண்டியே படித்துவிட்டது. அவன் பெண்டாட்டி அவன் கடைவாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். இன்னொரு டீ சொன்னேன்.

2 ஆகஸ்ட்

சங்கப் பதவி போயிற்று. கடை பூட்டிக் கிடக்கிறது. சோழவரத்தில் மச்சான் வீட்டில் ஒளிந்திருக்கிறானாம். கிடக்கட்டும். அஃபீஃபா இன்று சிரித்தாள்.

6 ஆகஸ்ட்

மணியம்மாள் வந்தாள். அஃபீஃபாவோடு படிக்கும் புவனேஸ்வரியின் அம்மா. கையில் சுவரிலிருந்து கிழித்த என் காகிதம்.

மூன்றாவது வரி புவனேஸ்வரி. பெயர், தெரு, நம்பர், எல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பக்கத்தில் தெரிகிற ஒரே பெண் பெயர் அதுதான். போன் போனது அவளுக்குத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இப்போது கண்டவனெல்லாம் அந்த நம்பருக்கு அடிக்கிறான். அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். பொதட்டூர்பேட்டையில் அத்தை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

மணியம்மாள் கத்தவில்லை. காகிதத்தை மேசையில் விரித்து வெள்ளை இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த லைனு மட்டும் ஏன்க்கா வெள்ளையா கீது?"

கத்தரி என் கையில்தானே இருந்தது? இன்னொரு சீட்டு வெட்ட எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?

9 ஆகஸ்ட்

தேடித் தேடிக் கிழித்தேன். முப்பத்தொன்றுதான் கிடைத்தது.

12 ஆகஸ்ட், ஞாயிறு

மன்னிப்புக் கேட்கலாம் என்று மணியம்மாள் வீட்டுக்கு போன் செய்தேன். நம்பர் அந்தக் காகிதத்திலேயே இருந்தது. புவனேஸ்வரியின் அப்பா எடுத்தார்.

"யார்றா அது? எம் பொண்ணு நம்பருக்கு இன்னொரு தபா அடிச்ச, ஊடு பூந்து வெட்டுவேன்!"

நான் எதுவும் பேசாமல் வைத்துவிட்டேன்.