பாட்டில் மாற்றிய கை

அக்கா,

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைப் புடவைமேல் வைத்ததும் கஞ்சி வாசனை எழுந்தது. விழாவுக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த பருத்திப் புடவை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூட வராந்தாவில் உங்களுக்கு முன்னால் வருவது இந்த வாசனைதான். பிள்ளைகள் தலையைத் தூக்காமலே புத்தகத்தைத் திருப்புவார்கள். இன்றைக்கு எனக்குக் கிளம்பவே மனமில்லை. மூட்டுவலி ஒருபக்கம். உங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்கவேண்டுமே என்ற அலுப்பு ஒருபக்கம்.

நாம் இருவரும் பாடம் நடத்திய பள்ளியில் புதிதாகக் கட்டிய நூலகத்துக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். முன்னாள் மாணவர் சங்கம் செய்தது. அதன் தலைவர் என் கூடப்பிறந்த அக்காவின் மகன்தான். உங்களிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். மன்னார்குடியிலிருந்து காரில் என்னை அழைத்து வந்தவன், வாய்க்கால் பாலத்தருகே வண்டியை மெதுவாக்கினான்.

"சித்தி, ஒண்ணு சொல்லணும். நீங்க பேசுறப்ப ஜாதி விஷயம் எதுவும் வேணாம். எல்லாத் தெருக்காரங்களும் வர்றாங்க. நல்லபடியா முடிஞ்சிடணும்."

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. பாலத்துக்குக் கீழே வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

சிறப்பு விருந்தினர் மிகவும் தாமதமாக வந்தார். எல்லையில் துப்பாக்கி ஏந்தி நின்ற வீராங்கனை என்று உங்களைச் சொன்னார். கை தட்டினார்கள். நீங்கள் இருந்திருந்தால் என் காதருகே குனிந்து, "நான் சுட்டதெல்லாம் தோசைதாம்மா" என்றிருப்பீர்கள். வங்கதேசப் போரின்போது ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்தீர்கள். லெப்டினன்ட் பதவி. லூத்தரன் சபைப் பள்ளி உபாத்தியாயரின் மகள் நீங்கள், ஊர் ஒதுக்கிவைத்த சர்ச் தெருவிலிருந்து போய், தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டீர்கள். கல்யாணம் ஆனதும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு விதி அப்படி. ஊருக்கு வந்து ஆசிரியர் பயிற்சி முடித்து, நம் பள்ளியில் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றீர்கள். இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது என்பதே எனக்கு ஆயாசமாக இருக்கிறது.

குடியரசு தினத்தன்று எங்கள் தெருவைச் சேர்ந்த, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார்தான் கொடியேற்றுவார். நீங்கள் தலைமையாசிரியை ஆன பிறகும் அதுவே தொடர்ந்தது. நீங்கள் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பீர்கள். உங்கள் பதவி அவருடையதைவிட உயர்ந்தது என்பதைச் சொல்லுங்களேன் என்று நான் ஒருமுறை பொருமினேன்.

"சொன்னா அந்த மனுஷன் எனக்கு சல்யூட் அடிக்கணும். அப்புறம் மூணு நாளைக்கு அவருக்குச் சோறு எறங்காது. விடும்மா" என்றீர்கள்.

விட்டுவிட முடியாதது அடுத்த வருஷம் வந்தது. சத்துணவு சமைக்க உங்கள் தெருப் பெண்ணை நியமித்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினார்கள். என் சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். சமையல்காரப் பெண் வாசலில் வந்து நின்று கேட்டாள்: "அளவக் கொறச்சுக்கட்டுமா டீச்சர்?"

"கொறைக்காத. அதுங்க வர்ற அன்னைக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது."

அவள் போனதும் நான் கேட்டேன், எப்படி அக்கா பொறுத்துக்கொள்கிறீர்கள் என்று. அப்போதுதான் அந்தச் சிப்பாயைப் பற்றிச் சொன்னீர்கள். காலில் குண்டடி பட்டு வந்தவன். வார்டில் தமிழ் கேட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த ஊர் என்றான். அவனும் பக்கத்து ஊர்க்காரன்தான். எந்தத் தெரு என்றான். நீங்கள் சொன்னீர்கள். உங்கள் கையில் இருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"வார்டு வேலைக்கு இருந்த ஆர்டர்லி கையால குடிச்சான். டிரிப்ஸ் நான்தான் ஏத்தினேன். அவன் தூங்குறப்ப பாட்டில் மாத்துவேன்."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. கோவம் வந்துச்சுன்னு பாட்டில் மாத்தாம இருக்க முடியுமா?"

அவன் பேரை மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

ஐப்பசி அடைமழையில் வீட்டுக்கு ஓட முடியாத ஒரு மத்தியானம், எங்கள் தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். நீங்கள் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். பொங்கலுக்குள் பந்தி நிறைந்தது. எல்லாரும் வந்தார்கள் என்று எழுத ஆசைதான். சில வீடுகளில் பிள்ளையை வேன் ஏற்றி வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

இன்றைக்கு மைக்கைப் பிடித்தபோது, உங்கள் குணத்தைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். விருந்தினர் துப்பாக்கி என்று சொன்ன பிறகு அது முடியவில்லை. அந்தச் சிப்பாயைப் பற்றிச் சொன்னேன். சத்துணவைப் பற்றியும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. வெள்ளை வேட்டிக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு நன்றியுரை தொடங்கியது.

அக்கா மகன் என் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில், "யாரு சித்தி அந்தாளு? நம்ம சொந்தத்துல யாராவதா?" என்றான்.

"தெரியாது. டீச்சர் பேரைச் சொல்லாமலே போயிட்டாங்க."

அவன் கூட்டத்தைப் பார்த்தான். முன்வரிசைக் கிழவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

காரில் ஏறும்போது ஒரு பெண் ஓடி வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளாம், நம் பள்ளியில் படித்தவள். "டீச்சர், அந்த ஆளு பொழைச்சாரா?" என்றாள்.

பிழைத்தான் என்றேன். கால் சரியாகி ஊருக்குப் போனான். கடைசிவரை உங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமலே போனான். அவள் தலையை ஆட்டினாள். எங்கள் வார்டிலும் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார் டீச்சர் என்றாள்.

உங்களைத் தைரியசாலி என்று இன்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ஓய்வு பெற்ற அன்று கழுத்து மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நீங்கள் சொன்னது வேறு. "ரொம்ப அலுத்துப்போச்சும்மா. அலுப்போடயேதான் எல்லாத்தையும் செஞ்சேன்." நான் உங்கள் பையை எடுத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். உங்களிடமிருந்து என்னோடு இருப்பது அந்த வார்த்தைதான். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை.

அந்த நர்ஸ் பெண் உங்கள் கதையை முழுதாகக் கேட்கவேண்டும் என்கிறாள். கூட வேலை பார்க்கும் பெண்களையும் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். வரச் சொல்லியிருக்கிறேன்.