லிஸ்டில் வராத பேர்

எங்கண்ணனைக் கட்டிக்கிட்டு வந்து, எனக்கும் சேர்த்தே டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்த என் நங்கைக்கு,

நீங்க போய் எட்டு மாசம் ஆச்சுங்க. நான் அதே பனியன் கம்பெனியில், அதே கம்ப்யூட்டர் ரூமில்தான் இருக்கிறேன். நீங்க நின்ற செக்கிங் டேபிளில் இப்போது ஒரு ஒடிசாப் பெண் நிற்கிறாள். அந்தப் பக்கம் நான் போவதில்லை.

புதுசாகச் சேர்ந்த ரெண்டு பெண்களுக்கு எஸ்க்யூஎல் சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில். "அப்படி என்னத்த கண்ணு தட்டிட்டே இருக்கற?" என்று நீங்க கேட்டபோதெல்லாம், "உங்களுக்குப் புரியாதுங்க" என்று தள்ளிவிட்டேன். பெரிய அறிவாளி நான்! இன்னைக்குச் சொல்கிறேன், கேளுங்க. டேட்டாபேஸிடம் நாம் கேட்கிற கேள்விதான் அது. கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும்.

நேற்று புவனாவிடம், செக்‌ஷன் போடாத ஆட்களை எடுக்கச் சொன்னேன். ‘ஈக்குவல் நல்’ என்று எழுதிவிட்டு, "யாருமே இல்லீங்க்கா" என்றாள். புதுசாக எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. நல் என்றால் காலிக் கட்டம். அது எதற்கும் சமம் ஆகாது, ‘இஸ் நல்’ என்று கேட்க வேண்டும். மாற்றியதும் ஏழு பேர் வந்தார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நம் கம்பெனி வழக்கம்தான் தெரியுமே. ஒருத்தரை செக்‌ஷன் மாற்றினால், மேனேஜர் சீட்டு வரும்வரை கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம். அன்றைக்குக் காலையில் உங்களைத் துணி குடோனுக்கு மாற்றினார்கள். பக்கத்து சீட்டுக்காரர் கட்டத்தைக் காலியாக்கினார். எனக்குத் தெரியாது.

மதியம் குடோனில் தீப் பிடித்தது. எல்லாரும் கேட்டுக்கு ஓடினோம். உள்ளே இருந்தவர்களின் லிஸ்ட் நான் எழுதின குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கிற அந்தக் கேள்வியில், வருவது. ஆட்கள் டேபிளையும் செக்‌ஷன் டேபிளையும் இன்னர் ஜாயினில் சேர்த்திருந்தேன். ரெண்டு பக்கமும் பொருந்துகிறவர்களை மட்டும்தான் அது காட்டும். செக்‌ஷன் காலி என்றால் ஆளையே விட்டுவிடும். சூப்பர்வைசர் பேர் கூப்பிட்டு டிக் போட்டு, "எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

தீ என்று கேள்விப்பட்டு அண்ணன் ஓடி வந்தார். "ஏங்கண்ணு, உங்க நங்கை எங்க?"

லிஸ்டை ரெண்டு தடவை பார்த்தேன், உங்க பேர் இல்லை. "உள்ள இல்லீங்கண்ணா. பர்மிஷன் போட்டு வெளிய போயிருப்பாங்க" என்றேன். அவர் உங்களைத் தேடி பஸ் ஸ்டாப்புக்குப் போனார். நீங்க குடோனுக்குள் இருந்தீங்க.

லெஃப்ட் ஜாயின் என்று ஒரு வார்த்தை மாற்றியிருந்தால், செக்‌ஷன் இல்லாமலாவது உங்க பேர் வந்திருக்கும். யாராவது குடோனுக்குள் ஓடியிருப்பார்கள். ஓடியிருப்பார்கள் இல்லீங்களா?

"நான் ஏன் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்?" என்று அண்ணன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறார். என்னை இல்லை, தன்னையே. வருகிறவர்கள் விதி என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். கோழைங்க நான்.

குவெரியை மாற்றிவிட்டேன். "ஜாயின் போட்டதும் முதலில் தலை எண்ணு. குறைந்தால் யாரை விட்டோம் என்று தேடு" என்று புவனாவிடம் சொல்ல முடிந்தது. அண்ணனிடம் வாய் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க படத்துக்கு முன்னால் அவரை உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. அப்புறம் அவர் என்னோடு பேசாமலே போனாலும் சரிங்க. பஸ் ஸ்டாப்புக்கு அவராகப் போகவில்லை, அனுப்பினவள் நான் என்று அவருக்குத் தெரியட்டும்.

நீங்க ‘கண்ணு’ என்று கூப்பிட்ட நாத்தனார்,
கோமதி