மூடி இறுகாத எத்தனால் கேன்

இன்று காலை கடலூரில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். ஊசி குத்துமுன் அங்கிருந்த நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சைக் கையில் தேய்த்தாள். வாசனை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய், மச்சான். "வலிக்குதா சார்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் என்று புளுகினேன்.

சிதம்பரத்தில் நம் எஞ்சின் லேபிலும் இதே வாசனைதான். ஒரே வருஷத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாம் இருவரும் ஒரே எஞ்சினை முறை வைத்து ஓட்டினோம். பெட்ரோல் எஞ்சினுக்கு எப்போது பற்றவேண்டும் என்று ஸ்பார்க் பிளக் சொல்லும். நம்முடையதில் அது கிடையாது. காற்றும் எரிபொருளும் முன்பே கலந்து உள்ளே போய், அழுத்தத்தில் சூடேறித் தானாகப் பற்றும். சற்று முந்தினால் எஞ்சின் தடதடவென்று தட்டும். பிந்தினால் இருமி அணையும். அந்தக் கணத்தை நம் சொல்படி கேட்கவைக்க, சட்டெனப் பற்றும் ஈதரையும் அந்த ஸ்பிரிட் வாசனைக்குக் காரணமான, தயங்கிப் பற்றும் எத்தனாலையும் விதவிதமாகக் கலந்து பார்த்தோம். "ஈதர் நீ, எத்தனால் நானு" என்பாய். என் முன்கோபத்துக்கு அது சரிதான்.

ஆய்வேட்டைக் கொடுக்க எனக்கு மூன்று வாரம் இருந்தது. என் கலவை, பற்றும் நேரத்தை யாரும் எதிர்பாராத அளவு தள்ளிப்போட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் மூலையில் இருந்த எத்தனால் கேனைத் தூக்கிப் பார்த்தாய். மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது.

"எத்தன நாளாடா இப்படி இருக்குது?"

"மழ ஆரம்பிச்சதுலேர்ந்து. அதுக்கென்ன இப்போ?"

"எத்தனால் ஈரத்த உறிஞ்சும்டா. ஐப்பசிக் காத்து பூரா இதுக்குள்ளதான் இருக்குது. தள்ளிப்போட்டது ஒங் கலவ இல்ல மச்சான், தண்ணி."

"ஒனக்குப் பொறாமடா" என்றேன்.

மறுநாள் எனக்கு முன்பே லேபுக்கு வந்து, சீல் உடைக்காத புதுக் கேனோடு நின்றாய். உன் முறை நாட்களையெல்லாம் எனக்கே விட்டுக்கொடுத்தாய். ஒவ்வொரு ரீடிங்கையும் மறுபடி எடுத்தோம். நான் குதித்துக் கொண்டாடியதில் பாதிதான் மிஞ்சியது; ஆனால் அது உண்மையாக இருந்தது. எனக்குப் பட்டம் கிடைத்தது. உன் வேலை பின்தங்கியது. அதை நீ முடிக்குமுன் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மேல்பட்டாம்பாக்கத்தில் துக்கம் கேட்கப் போனபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் ஒன்னப் பத்திப் பேசாத நாளில்லப்பா. ஒரு கொற சொன்னதில்ல" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பொறாமை என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேயில்லை. தினமும் பக்கத்தில்தானே நிற்கிறாய், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கேட்டிருந்தால், "போடா, வேலையப் பாரு" என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாய். அந்த அடி விழாத முதுகோடுதான் மச்சான், இத்தனை வருஷமாக நடமாடுகிறேன்.